கவலைக்கு ஒரு தாள்

கவலை தூங்க விடாவிட்டால், ஒரு தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் உங்கள் கையில் உள்ளதையும் வலப்பக்கம் கையில் இல்லாததையும் எழுதுங்கள். பிறகு வலப்பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸ் என்ற தத்துவஞானி ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கற்பித்த பிரிப்பு இது. இரண்டும் மனதுக்குள் கலந்து கிடப்பதால்தான் மலைப்பு. பிரித்து எழுதினால் நாளை செய்ய வேண்டியது இரண்டு மூன்று வரிக்குள் அடங்கிவிடும். திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளி ஊரில் வள்ளம் வைத்திருப்பவருக்கு மார்கழிக் கடலின் கொந்தளிப்பு வலப்பக்கம். வலை பொத்துவது, எஞ்சினைக் கழட்டித் துப்புரவாக்குவது, கடைக்காரரிடம் தவணை கேட்பது எல்லாம் இடப்பக்கம். ஊர் என்ன கதைக்கும் என்பது எப்போதும் வலப்பக்கம்தான் (திருகோணமலையில் இதற்கே பாதித் தாள் போய்விடும்!).

அநியாயத்துக்கு இது பொருந்தாது. சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளியை வலப்பக்கம் தள்ளிவிடாதீர்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அப்புறம், செத்த வீட்டில் இருப்பவரிடம் இந்தத் தாளை நீட்ட வேண்டாம்.