நாயின் உணவில் பச்சைத் தழை சேர்ப்பது எப்படி?

காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைக்கும் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் ஆரோக்கியமான நாய்க்குச் சிறிதளவில் தீங்கு செய்வதில்லை. துளசியும் அப்படியே. புதினாவை மட்டும் எப்போதாவது ஓரிரு இலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அளவு மிஞ்சினால் அதிலுள்ள எண்ணெய் வயிற்றைக் கலக்கும். சளிக்கு நல்லதென்று நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கற்பூரவள்ளியோ நாய்களுக்கு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது என்பதால், அந்தத் தொட்டியை நாய்க்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

தழையைத் தேர்ந்தெடுக்கும்போதே கட்டுக்குள் வெங்காயத்தாள் கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவும். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் ஆகிய அனைத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும், வதக்கினாலும், காயவைத்துப் பொடித்தாலும் அந்த நச்சு போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே இரத்தத்தைப் பாதிக்கப் போதுமானது, அதாவது 10 கிலோ நாய்க்கு 150 கிராம். பூண்டு இதைவிடக் குறைந்த அளவிலேயே கெடுதல் செய்யும். ஆகவே மல்லித்தழை தூவிய சாம்பாரைச் சோற்றில் ஊற்றிவிட்டுத் தழை கொடுத்தோம் என்று எண்ணுவது தவறு. உப்பும் பச்சை மிளகாயும் சேர்ந்த சட்னியும் வேண்டாம்.

அடுத்து, வேரை நறுக்கி எறிந்துவிட்டு, இலைகளை அகலமான பாத்திரத்தில் சிறிது நேரம் ஊறவைத்து, மண்ணும் தெளித்த மருந்தின் மிச்சமும் குறையும்படி மூன்று நான்கு தண்ணீரில் அலச வேண்டும். நாய் மென்று தின்னும் பிராணி அல்ல. எனவே கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவிப் பொடிப்பொடியாக நறுக்கவும்.

10 கிலோ நாய்க்கு அரைத் தேக்கரண்டி தாராளம். அதை உப்பில்லாத சோற்றிலோ, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியிலோ பிசைந்து கொடுக்கலாம். முதல் முறை ஒரே வகைத் தழையை மட்டும் கொடுத்து, இரண்டு நாள் மலத்தையும் தோல் அரிப்பையும் கவனித்த பிறகே அடுத்ததைத் தொடங்கவும். கருவுற்ற நாய்க்கும், குட்டிக்கும், தொடர்ந்து மருந்து உண்ணும் நாய்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வெங்காய நஞ்சின் அறிகுறிகள் சில நாள் கழித்தே தெரியவரலாம் என்பதால், நாய் வெங்காயத்தைத் தின்றது தெரிந்தால் ஈறு வெளுக்கும் வரையோ சிறுநீர் செம்பழுப்பாகும் வரையோ காத்திராமல், தின்ற அளவையும் நேரத்தையும் நாயின் எடையையும் குறித்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்லவும்.