உங்கள் குரல் எங்கே பிறக்கிறது? விரல் வைத்துப் பாருங்கள்

திருகோணமலைக் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்னும் மீனவர் பாட்டின் அடியை எடுத்துக் கொடுப்பார். அலை இரைச்சலைத் தாண்டி அது கயிற்றின் கடைசி ஆள் வரை போய்ச் சேரும். நாற்பது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியருக்கோ வெள்ளிக்கிழமை வருவதற்குள் தொண்டை கட்டிவிடுகிறது. முதல் வருடம் எனக்கும் அப்படித்தான் ஆனது. குரல் எப்படி உண்டாகிறது என்று அன்றே யாராவது சொல்லித் தந்திருக்கலாம் என்ற ஏக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை: ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு ஸ்ட்ரோ, வினாடி முள் உள்ள கடிகாரம்.

படி 1: மூச்சு

மேல் வயிற்றில் கையை வைத்து மூச்சை இழுங்கள். நுரையீரலுக்குக் கீழே இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்க, வயிறு கையைத் தள்ள வேண்டும். தோள் மட்டும் உயர்ந்தால் மறுபடி இழுங்கள். இப்போது சிரமமில்லாத சுருதியில் ‘ஆ’ என்று நீட்டுங்கள். ஆரோக்கியமான பெரியவர்கள் பலருக்கு 15 வினாடிக்கு மேல் நிற்கும். மூன்று முறை செய்து, அதிகமானதைக் குறித்து வையுங்கள்.

படி 2: அதிர்வு

எச்சிலை விழுங்குங்கள். கழுத்தின் முன்னால் ஏறி இறங்குகிற மேடுதான் குரல்வளை. அதில் இரண்டு விரல்களை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. ‘ம்ம்ம்’ என்றதும் குறுகுறுக்கும். உள்ளே இருக்கும் இரண்டு குரல்நாண்களை மூச்சுக்காற்று விலக்க, அவை உடனே சேர, மீண்டும் விலக்க, இப்படியே நடக்கிறது. பேசும்போது ஆண்களுக்கு வினாடிக்குச் சுமார் 120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை.

1854இல் மனுவேல் கார்சியா என்பவர் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டு, வெயிலின் வெளிச்சத்தில் தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அவர் வைத்தியர் அல்லர், பாட்டு ஆசிரியர். குரலால் பிழைக்கிற ஒருவர் அதைப் பார்க்க அவ்வளவு ஆசைப்பட்டது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

படி 3: வாய்

விரலை எடுக்காமல் மெதுவாக ‘பப்பாசி’ என்று சொல்லுங்கள். ‘ப்ப’ வரும் இடத்தில் குறுகுறுப்பு ஒரு கணம் அறுந்துவிடும். அடுத்து ‘தம்பி’. இங்கும் உதடு மூடுகிறது, எழுத்தும் அதே பகரம், ஆனால் அதிர்வு அறுவதில்லை. ஒரே எழுத்து இரண்டு ஒலியாகக் கேட்பதற்குக் காரணம் உங்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீட்டிப் பாருங்கள், நின்றுவிடும். மகரத்துக்குக் காற்று போகும் வழி மூக்குத்தான்.

நாக்குக்கும் ஒரு சோதனை உண்டு. லகரத்துக்கு நுனி மேற்பல்லின் பின்னே தொடும், ளகரத்துக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும், ழகரத்துக்கு மடிந்தும் தொடாமல் நிற்கும். நம்மில் பலர் ‘மழை’யை ளகரமாகவே சொல்கிறோம். அது பழக்கம், நாக்கின் குறை அல்ல.

இனி, தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுங்கள். ‘தம்பீ!’ என்று கடைசி உயிரைத்தானே நீட்டுகிறீர்கள்? வாய் திறந்திருக்கும் உயிரொலியே தூரம் போகும். அம்பாக்காரரின் குரல் எட்டுவதும் அதனால்தான். வகுப்பில் தொண்டையை இறுக்கிக் கத்துவதற்குப் பதிலாக, வாயை நன்கு திறந்து, உயிரொலிக்கு நேரம் கொடுத்துப் பேசுங்கள். நான் அப்படி மாறிய பிறகு வெள்ளிக்கிழமையும் குரலோடு வீடு திரும்புகிறேன்.

படி 4: ஸ்ட்ரோ

ஸ்ட்ரோவின் நுனியைத் தண்ணீரில் இரண்டு விரற்கடை அமிழ்த்தி, ‘ஊ’ என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுங்கள். கன்னம் தளர்ந்திருக்கட்டும். எதிரே தண்ணீர் தரும் அழுத்தத்தால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிரும். பாடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் போதும்.

தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். அழுத்திக் கிசுகிசுத்தால் குரல்வளை இன்னும் இறுகும், பேசாமல் இருங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு எடுக்கச் சிரமமாக இருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.