சார்ஜ் கார்டு திடீரென்று மறுக்கப்படுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ஜ் கார்டு வாங்கும்போது எல்லோரையும் இழுக்கும் வரி ஒன்று உண்டு: “முன்கூட்டியே நிர்ணயித்த செலவு வரம்பு கிடையாது.” இதை ‘எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம்’ என்று படித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். அந்த வரியை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வரம்பை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை என்றுதான் இருக்கிறது. வரம்பு இருக்கத்தான் செய்கிறது. நம் கண்ணில் படுவதில்லை, நாளுக்கு நாள் மாறிக்கொண்டும் இருக்கிறது.

ஏன் இப்படி என்று புரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கிரெடிட் கார்டில் ஒரு எண் எழுதியே இருக்கும்; குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு தள்ளிப் போடலாம். சார்ஜ் கார்டில் பில் வந்ததும் முழுவதையும் கட்டியாக வேண்டும். 1950இல் டைனர்ஸ் கிளப் தொடங்கியபோதும், 1958இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் கார்டைக் கொண்டுவந்தபோதும் இதுதான் ஏற்பாடு. மாதக் கடைசியில் மொத்தப் பணமும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் நிறுவனம் நமக்காகக் கடைக்காரருக்குக் கொடுக்கிறது. அந்த நம்பிக்கையை நாம் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக எடை போடுகிறது. வழக்கமாக எவ்வளவு செலவு செய்கிறோம், பில்லை ஒழுங்காகக் கட்டினோமா, இன்னும் பில்லில் ஏறாத தொகை எவ்வளவு, சொன்ன வருமானம் என்ன, வேறு இடத்தில் கடன் கூடியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, ஓரிரு விநாடிகளில் சரி அல்லது முடியாது என்று பதில் வந்துவிடும். நேற்று போன தொகை இன்று போகாமல் இருப்பது இதனால்தான்.

எனக்கு இது புரிந்தது ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில். பெட்டிகளைக் கட்டியாயிற்று, வாசலில் வண்டி நிற்கிறது. அந்தப் பெண் கார்டைச் செருகினார், போகவில்லை. துடைத்துவிட்டு மறுபடி செருகினார். மூன்றாவது முறை நானே, “இன்னொரு தடவை போட்டுப் பாருங்கம்மா” என்றேன். அவர் இயந்திரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் 05 என்று மட்டும் இருந்தது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், இந்த எண்களுக்குப் பொருள் உண்டு. கார்டு வலைப்பின்னல்களில் பரவலாகப் புழங்கும் குறியீடுகளில் 05 என்றால் காரணம் சொல்லாத மறுப்பு. 51 என்றால் தொகை போதவில்லை, 61 என்றால் தொகை உச்ச அளவைத் தாண்டிவிட்டது, 62 என்றால் கார்டுக்கே கட்டுப்பாடு, 65 என்றால் அனுமதித்த தடவைகளுக்கு மேல் தேய்த்தாயிற்று. எல்லா இயந்திரமும் எண்ணைக் காட்டாது; காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் சேவையில் பேசும்போது உதவும். கடைக்காரருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. அவரிடம் கோபப்படுவதில் நியாயமே இல்லை.

திரும்பத் திரும்பத் தேய்த்தது என் தவறு. சில நிமிடங்களுக்குள் ஒரே தொகைக்கு மூன்று முயற்சி என்பது, திருடிய கார்டை யாரோ சோதித்துப் பார்ப்பது போலத்தான் கணினிக்குத் தெரியும். மறுக்கப்பட்ட தொகையை இரண்டாக உடைத்துப் போட்டுப் பார்ப்பதும் அப்படியே. ஒரு முறை போகவில்லையா, நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள்.

சரி, முதல் மறுப்பு எதனால்? போன் செய்து கேட்டபோது இரண்டு காரணங்கள் வெளிவந்தன. விடுதிக்கு வந்த அன்றே உத்தேசமான ஒரு தொகையை அவர்கள் என் கார்டில் பிடித்து வைத்திருந்தார்கள். வாடகைக் கார் நிறுவனமும் அப்படியே. இந்த ‘ஹோல்டு’ செலவு ஆகாது, பில்லிலும் வராது. ஆனால் நம்முடைய செலவுத் திறனை விழுங்கிக்கொண்டிருக்கும். விடுதியில் ஒரு கார்டைக் கொடுத்துத் தங்கிவிட்டுக் கிளம்பும்போது வேறு கார்டில் பணம் கட்டினால், பழைய பிடிப்பு விலகச் சில நாட்கள் ஆகலாம். முதலில் கொடுத்த கார்டிலேயே கணக்கை முடிப்பது நல்லது. முடியாவிட்டால், ஹோல்டை விடுவிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

இன்னொரு காரணம்தான் எனக்கு உறைத்தது. புதிதாகத் தொடங்கிய வங்கிக் கணக்கிலிருந்து முந்தைய மாத பில்லைக் கட்டியிருந்தேன். ஆப்பில் ‘பணம் பெறப்பட்டது’ என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டேன். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறி, அந்தப் பணம் திரும்பிப் போயிருந்தது. என்னைக் கேட்டால், சார்ஜ் கார்டு வைத்திருப்பவர் செய்யக்கூடிய தவறுகளிலேயே மோசமானது இதுதான். முழுத் தொகையும் வரும் என்ற ஒரே நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாட்டில், கட்டிய பணம் திரும்புவது அந்த நம்பிக்கையிலேயே கை வைக்கிறது. அதன் பிறகு சில மாதங்களுக்குக் கணக்கைக் கூர்ந்து பார்ப்பார்கள். புதுக் கணக்கிலிருந்து கட்டுவதாக இருந்தால் முதலில் சிறு தொகை அனுப்பி, அது வங்கியில் கழிந்ததா என்று பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

மாதத்துக்குள்ளேயே செலவு செய்வது, உடனே கட்டுவது, மறுபடி செலவு செய்வது என்று சுழற்றுபவர்களும் உண்டு. நாணயமாகத்தானே கட்டுகிறோம் என்று தோன்றும். வருமானத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பணம் சுழன்றால் நிறுவனத்துக்குச் சந்தேகம் வரும். பெரிய செலவு ஒன்றுக்காக முன்பணம் கட்டி வைப்பதென்றால், முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

பெரிய தொகைக்கு முன்னால் பார்த்துக்கொள்ள எளிய வழியும் இருக்கிறது. சில நிறுவனங்களின் ஆப்பில் ஒரு தொகையை உள்ளிட்டு, அது அனுமதிக்கப்படுமா என்று கேட்கலாம். வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த தொகையைப் போடுங்கள். வருகிற பதில் அந்த நேரத்துக்கு மட்டும்தான் செல்லும். போன வாரம் கேட்டுவிட்டு இன்று கடைக்குப் போவது வீண். அப்புறம், பாக்கியில் ஒரு பகுதியைத் தவணையில் கட்டும் வசதி சில சார்ஜ் கார்டுகளில் உண்டு. அதற்கு மட்டும் தனியாக ஒரு வரம்பு ஆப்பில் தெரியும். அதையே மொத்தச் செலவு வரம்பாக எடுத்துக்கொண்டு ஏமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடக்கத்திலும் இரண்டு வகை. மோசடிச் சந்தேகத்தில் நிறுத்தினால், “இது நீங்கள்தானா?” என்ற கேள்விக்கு ஆம் என்றதும் பெரும்பாலும் சரியாகிவிடும். இப்படிப்பட்ட போலிச் செய்திகளும் வருகின்றன. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

இரண்டாவது வகை, நம் நிதி நிலைமையையே ஆராய்வது. வருமான வரி ஆவணம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள்; முடியும்வரை அதே நிறுவனத்தின் மற்ற கார்டுகளும் நின்றுவிடக்கூடும். விண்ணப்பத்தில் வருமானத்தைக் கூட்டி எழுதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேட்ட ஆவணத்தைக் கெடுவுக்குள் அனுப்புங்கள். பதிலே போடாமல் இருந்தால் கணக்கையே மூடிவிடலாம். கார்டு முடங்கியிருந்தாலும் பழைய பாக்கிக்கு உரிய தேதி அப்படியே ஓடும். கோபத்தில் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும், கடன் வரலாற்றிலும் பதிவாகும்.

குடும்பத்தாருக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் கார்டுகளின் செலவும் இதே கணக்கில்தான் சேரும். யார் எப்போது பெரிதாக வாங்கப் போகிறார்கள் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று விடுதிக் கணக்கை என் அண்ணன்தான் வீட்டிலிருந்தபடியே கட்டினார். வாடிக்கையாளர் சேவையில் ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிட்டேன்: மாதாமாதம் தானாகக் கழியும் தொகைகள் போகுமா என்று. போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, காப்பீட்டு பிரீமியம் வந்து சேரவில்லை என்று கடிதம் வந்தது. இப்போது பிரீமியத்தையும் போன் கட்டணத்தையும் வேறு நிறுவனத்தின் கார்டுக்கு மாற்றிவிட்டேன். அந்தக் கார்டும் பையிலேயே இருக்கிறது.