ஏஆர்-15 ரைஃபிளில் மடக்கு அயர்ன் சைட் பொருத்தி ஜீரோ செய்யும் முறை

அமெரிக்காவில் ஏஆர்-15 வகை ரைஃபிளை வைத்திருப்போரில் பலர் இன்று ரெட் டாட் சைட்டையே (கண்ணாடியில் ஒளிப்புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி) முதன்மையாகப் பயன்படுத்துகின்றனர். அதன் பேட்டரி தீர்ந்தாலோ கண்ணாடியில் சேறு படிந்தாலோ கைகொடுப்பதற்காக, மடித்து வைக்கக்கூடிய அயர்ன் சைட்டையும் (பின்னால் துளையும் முன்னால் முள்ளும் கொண்ட, பேட்டரி தேவைப்படாத குறிகாட்டி) உடன் பொருத்துகின்றனர். பொருத்துவது எளிய வேலை. ஆனால் பலரும் அதைச் சுட்டுப் பார்த்து, குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யாமலே, அதாவது ஜீரோ செய்யாமலே, மடித்து வைத்துவிடுகின்றனர். அப்படிப்பட்ட சைட் ரைஃபிளுக்கு எடை கூட்டுமே தவிர வேறு பயன் தராது.

முதலில் மேகசினைக் கழற்றி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னிழுத்து நிறுத்தி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். வேலை செய்யும் மேசையில் தோட்டா எதுவும் இருக்கக் கூடாது.

பின் சைட்டை ரிசீவரின் (ரைஃபிளின் நடு உடற்பகுதி) மேலுள்ள பிகாட்டினி ரெயிலின் (துணைக்கருவிகளைப் பொருத்தப் பள்ளங்கள் வெட்டிய தண்டவாளம்) கடைசிப் பகுதியிலும், முன் சைட்டை ஹேண்ட்கார்டு (குழலைச் சுற்றியுள்ள கைப்பிடி உறை) ரெயிலின் முன்முனையிலும் வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட, குறிபார்ப்பதில் நேரும் சிறு பிசகு இலக்கில் குறைவாகவே தெரியும். இரு ரெயில்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கேஸ் பிளாக்கின் (குழலின் மேல் அமர்ந்து வெடிவாயுவைத் திருப்பிவிடும் பாகம்) மேலுள்ள ரெயில் பல ரைஃபிள்களில் சற்றுத் தாழ்ந்திருப்பதால், அதற்கென்றே உயரமாகச் செய்யப்பட்ட முன் சைட் தேவைப்படும். அந்த இடம் கடுமையாகச் சூடேறும் என்பதால் அங்கே பிளாஸ்டிக் சைட்டைத் தவிர்த்து உலோகத்தையே தேர்ந்தெடுங்கள். கையால் அழுத்தினால் அசைந்து கொடுக்கும் ஹேண்ட்கார்டில் முன் சைட்டைப் பொருத்துவது வீண்; ஜீரோ நிலைக்காது.

சைட்டின் குறுக்குத் தண்டு ரெயிலின் பள்ளத்தில் அமர்ந்ததும், அதைக் குழல்முனைப் பக்கமாக முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்குத் திருகை முறுக்குங்கள். திருகின் தலையில் தொடங்கி சைட்டின் உடல் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னாளில் திருகு தளர்ந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடுத்து, பின் சைட்டின் பக்கவாட்டுத் திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி, மொத்தச் சுற்றுகளை எண்ணி, அதில் பாதியில் நிறுத்துங்கள். முன் சைட்டில் நிற்கும் முள்ளின் அடித்தட்டை அது அமரும் குழியின் விளிம்புக்குச் சமமாக வையுங்கள். சுடத் தொடங்குவதற்கு இந்த நிலை போதும்.

சுடும் மைதானத்தில் காதுக் கவசமும் கண்ணாடியும் அணிந்து, ரெட் டாட்டை அணைத்து, ரைஃபிளை மணல் மூட்டையில் தாங்கி, பின் சைட்டின் சிறிய துளை வழியே 25 கஜத் தொலைவில் முதலில் சுடுங்கள். குண்டுகள் காகிதத்தில் விழுவதை உறுதி செய்வதற்காகவே இந்தத் தொலைவு. உண்மையான ஜீரோ 50 கஜத்தில்தான். வழக்கமான 5.56 மி.மீ. தோட்டா 50 கஜத்தில் பார்வைக் கோட்டைக் கடந்து மேலேறி, ஏறத்தாழ 200 கஜத்தில் மீண்டும் அதைத் தொடும் என்பதால் பலர் இத்தொலைவை விரும்புகின்றனர். அதற்கு இசைவாக, 25 கஜத்தில் குண்டு சுமார் ஓர் அங்குலம் கீழே விழுவதே சரி.

50 கஜத்தில் ஐந்து குண்டுகளை நிதானமாகச் சுட்டு, அவை துளைத்த புள்ளிகளின் கூட்டத்தில் நடுப்புள்ளியை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் திருப்பினால் அது முடிவற்ற வேலையாகிவிடும். பின் சைட்டை, குண்டு எத்திசையில் செல்ல வேண்டுமோ அத்திசையிலேயே நகர்த்த வேண்டும். முன் முள்ளுக்கு விதி தலைகீழ்: குண்டு மேலே செல்ல முள் இறங்க வேண்டும். புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். சைட்டுகளின் இடைவெளி 18 அங்குலமும் இலக்கின் தொலைவு 50 கஜமும் என்றால் விகிதம் நூற்றில் ஒன்று; எனவே இரண்டு அங்குலம் கீழே விழும் கூட்டத்தை உயர்த்த, முள்ளை 0.02 அங்குலம் இறக்கினால் போதும்.

கூட்டம் நடுவில் வந்த பின், சைட்டுகளை மடித்து, மீண்டும் நிமிர்த்தி, இன்னொரு முறை ஐந்து குண்டுகள் சுட்டுப் பாருங்கள். ரெட் டாட்டைத் தனியாகச் சுட்டு ஜீரோ செய்யுங்கள். ஒளிப்புள்ளி முள்ளின் நுனியிலிருந்து சற்று விலகித் தெரிந்தாலும், இரண்டும் தனித்தனியே இலக்கைத் தொடுமானால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. தோட்டாவின் எடையையோ வகையையோ மாற்றினால் மட்டும் இரண்டையும் மறுபடி சரிபாருங்கள்.