டிமென்ஷியா ஆய்வுச் செய்தியைப் படிப்பது எப்படி?

நினைவும் சிந்தனையும் குன்றிவரும் டிமென்ஷியாவுக்குப் புதிய மருந்து, புதிய இரத்தப் பரிசோதனை, மறதியைத் தடுக்கும் பழக்கம் என்று செய்திகள் ஓயாமல் வருகின்றன. அவற்றுள் ஒன்றை நம்பி முடிவெடுக்கும் முன், ஆய்வு யாரிடம் நடத்தப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோய் ஆய்வக எலிகளுக்குத் தானாக வருவதில்லை. மனித மரபணுவைப் புகுத்தி, அவற்றின் மூளையில் அமிலாய்டு புரதம் படியும்படி செய்கிறார்கள். எலியிடம் வெற்றி கண்ட பல மருந்துகள் மனிதரிடம் பலிக்கவில்லை என்பதால், எலிச் செய்தியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

மனிதரிடம் நடந்த ஆய்வு என்றால், விழுக்காட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைத் தேடுங்கள். மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் என்ற மருந்து அல்சைமர் முற்றுவதை 27 விழுக்காடு குறைக்கிறது என்று 2022-இல் செய்தி வந்தது. நினைவாற்றல், இடம் காலம் அறிதல், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல் உள்ளிட்ட ஆறு திறன்களுக்கு மொத்தம் 18 புள்ளி கொண்ட அளவுகோலால் நோயாளிகளை அளந்தார்கள். புள்ளி கூடினால் நிலை மோசம் என்று பொருள். பதினெட்டு மாத முடிவில் மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 1.21 புள்ளியும், மருந்தில்லாப் போலி ஊசி பெற்றவர்களுக்கு 1.66 புள்ளியும் கூடியிருந்தன. வித்தியாசம் 0.45. இது 1.66-இல் 27 விழுக்காடு; செய்தியில் வந்த எண் இதுதான். இரண்டு குழுவினருமே நலிந்தார்கள், ஒரு குழு சற்று மெதுவாக நலிந்தது. இது வீண் என்று நான் சொல்லவில்லை, ஆனால் குடும்பத்தார் எதிர்பார்க்கும் குணமடைதல் இதுவன்று. சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் ஆரம்ப நிலையில், மூளையில் அமிலாய்டு உறுதிசெய்யப்பட்டவர்கள் என்பதால், நோய் முற்றியவருக்கு இந்த முடிவு பொருந்தாது. மருந்து பெற்றவர்களுள் சுமார் எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தென்பட்டது என்பதையும் பலனோடு சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனைச் செய்தியில் தேட வேண்டியது வேறு. அல்சைமரோடு தொடர்புடைய ஒரு புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பி-டாவ் 217 போன்ற சோதனைகள், மறதி அறிகுறி உள்ளவரிடம் அல்சைமர் மாற்றம் இருக்கிறதா என்று மருத்துவர் அறிய உதவுபவை. அறிகுறியே இல்லாதவர் ஆவலில் செய்துகொள்வதற்கானவை அல்ல. அமிலாய்டு படிந்தும் நினைவு குன்றாமலே வாழ்ந்து முடிப்பவர்கள் உண்டு.

தடுப்பு பற்றிய செய்திகளில்தான் அதிகம் ஏமாறுகிறோம். தனிமையில் இருப்பவர்களுக்கு டிமென்ஷியா கூடுதலாக வருகிறது என்றால், தனிமை நோயைத் தந்ததா, அல்லது வெளியே தெரியாமல் தொடங்கிவிட்ட நோய் அவரை ஒதுங்க வைத்ததா என்று கேளுங்கள். மூளை மாற்றங்கள் அறிகுறிக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் முன்பே தொடங்குவதால், சில ஆண்டுகள் மட்டும் கண்காணித்த ஆய்வு இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல் உட்பட 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை முற்றிலும் நீக்கினால் டிமென்ஷியா பாதிப்புகளில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலலாம் என்றது. அது மக்கள்தொகைக்கான கணக்கு. ஒரு தனிமனிதரின் ஆபத்து 45 விழுக்காடு குறையும் என்று படிக்கக் கூடாது.

பராமரிப்பு ஆய்வுகள் தலைப்புச் செய்தியாவது அரிது. கண்ணில் பட்டால், அளக்கப்பட்டது நோயாளியின் அமைதியா, பராமரிப்பவரின் மனச்சோர்வா என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டுக்கும் மதிப்பு உண்டு.

இவ்வளவும் பார்த்த பிறகும் செய்தி நிற்கிறது என்றால், மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ‘இது நல்லதா?’ என்று கேட்பதைவிட, ‘அந்த ஆய்வில் இருந்தவர்களின் வயது, நோய்நிலை, உடன் இருந்த நோய்கள் எங்கள் அம்மாவுடையதோடு ஒத்துப்போகின்றனவா?’ என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.