காந்தம் ஒட்டுது, எடை இடிக்குது: விநோதக் கல்லைச் சோதிப்பது எப்படி?

பாலக்கோடு பக்கம் ராகிக் கொல்லையை உழும்போது சித்தப்பாவுக்கு ஒரு கல் கிடைத்தது. கறுப்பு, அளவுக்கு மீறின கனம், ஓர் ஓரத்தில் பளபளப்பு. "விண்கல்லா இருக்கும்டா, பத்திரமா வை" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். நான் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று சண்டை போட்டன. உங்களுக்கும் போடும்; அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

1. காந்தம்
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் போதும். நூலில் கட்டிக் கல்லருகே கொண்டுபோங்கள். பலமான காந்தம் வேண்டாம். நிஜமாகவே விண்கல்லாக இருந்தால் அதில் பதிந்துள்ள காந்தத் தடயம் அழிந்துவிடும். எங்கள் கல்லில் காந்தம் சட்டென்று ஒட்டியது.

2. கோடு
டைல்ஸின் பின்பக்கச் சொரசொரப்பில் கல்லை அழுத்தி இழுங்கள். இரும்புத் தாதுக்களில் மேக்னடைட் கறுப்புக் கோடு போடும், ஹேமடைட் செம்பழுப்பு. எனக்கு வந்தது செம்பழுப்பு. ஹேமடைட்டில் காந்தம் இப்படி ஒட்டாதே! அரத்தால் ஒரு மூலையைத் தேய்த்து, உள்பகுதியால் கோடு போட்டேன்: கறுப்பு. முதலில் டைல்ஸில் ஒட்டியது மேல்துருதான். காந்தத்துக்கு உள்ளே இருப்பதும் தெரியும். கோட்டுக்குத் தோல் மட்டும்தான்.

3. அடர்த்தி
இங்கேதான் நிதானம் வேண்டும். கல்லைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். எங்களுடையது 640 கிராம். டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து ஜீரோ செய்யுங்கள். கல்லை நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் கல்லின் கன அளவு. எனக்கு 200 காட்டியது; 640-ஐ அதால் வகுத்தால் 3.2. குனிந்து பார்த்தால் கல் பாத்திரத்தின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது! தூக்கிப் பிடித்ததும் 168, அதாவது 3.8.

மேக்னடைட்டுக்கு 5.2 வேண்டும், இரும்பு விண்கல்லுக்கு 7-க்கு மேல். காந்தம் ஒட்டுகிற கல்வகை விண்கற்கள் 3.5 சுமாருக்கு வருவதால் ஆசை மட்டும் போகவில்லை.

4. 'டச்' மிஷின் (வேண்டவே வேண்டாம்)
சித்தப்பா விடவில்லை. நகைக்கடையில் வைத்துப் பார்த்தோம். இரும்போடு 2 சதவீதம் கோபால்ட் என்றது. எக்ஸ்ரே பாய்ச்சித் தங்கத்தின் தரம் பார்க்கப் பழக்கிய மிஷின் அது. கல்லில் உள்ள ஆக்சிஜன் அதன் கண்ணில் படாது. தெரிந்த உலோகங்களை வைத்தே 100-ஐ நிரப்பிவிடும். ஒவ்வொரு உலோகமும் திருப்பி உமிழும் எக்ஸ்ரேயின் ஆற்றலை வைத்துத்தான் அது அடையாளம் காண்கிறது. இரும்பின் அப்படியோர் எக்ஸ்ரே 7.06 கிலோ எலக்ட்ரான்வோல்ட், கோபால்ட்டினுடையது 6.93. இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது.

5. லென்ஸ்
அரம் போட்ட முகத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக இருந்தால் மேக்னடைட் கலந்த குவார்ட்சைட் பாறையாக இருக்கலாம். எங்களுடையதில் குமிழ் ஓட்டைகள், பாகு வழிந்து உறைந்த மாதிரி மடிப்புகள். விண்கல்லில் குமிழ் மிக அரிது. இது இரும்புக் கிட்டம், உலையில் இரும்பு உருக்கியபோது கழிந்த கசடு. உள்ளே சிக்கிய இரும்புத் துணுக்கால் காந்தம் ஒட்டியது, ஓட்டைகளால் அடர்த்தி குறைந்தது.

நம் பக்கத்தில் இது அதிசயமில்லை. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வரை போவதாக 2022-இல் அறிவித்தார்கள். எங்கள் கிட்டத்தின் வயது அதுவென்று சொல்ல வரவில்லை. மறுநாள் அதே இடத்தில் சுட்டமண் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது; உலைக்குக் காற்று ஊதிய குழாயாக இருக்கலாம். போட்டோ எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவந்தோம். இந்த முறை சித்தப்பா அந்த மூலையை உழவில்லை.