அயல்நாட்டுத் தலைவர்கள் பங்கேற்கும் இறுதி நிகழ்வுகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டின் பெருந்தலைவர் மறைந்ததும் அஞ்சலி செலுத்த வரும் அயல்நாட்டுத் தலைவர்களைப் பற்றி எழுதுகையில் சில பிழைகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் நெல்சன் மண்டேலாவின் மறைவை ஒட்டி எழுதப்பட்டவற்றில் அவை பெரும்பாலும் காணப்படுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, நினைவேந்தலையும் நல்லடக்கத்தையும் ஒன்றாக்குவது. மண்டேலா 2013 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 10ஆம் தேதி சொவெட்டோ விளையாட்டரங்கில் விடாத மழையினிடையே நடந்தது நினைவேந்தல் கூட்டமே. அவரது உடல் அங்கே கொண்டுவரப்படவில்லை. 11 முதல் 13 வரை பிரிட்டோரியாவில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட உடல், 15ஆம் தேதி, அவர் சிறுவயதில் வளர்ந்த குனு கிராமத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. 90க்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் திரண்டது சொவெட்டோவில்தான். ஆகவே "மண்டேலாவின் இறுதிச் சடங்கில் ஒபாமா உரையாற்றினார்" என்பது தவறு. அவர் பேசியது நினைவேந்தலில், குனுவுக்கு அவர் செல்லவில்லை. பிரிட்டன் இளவரசர் சார்லஸ் சென்றது குனுவுக்கு. பிரதமர் கேமரூன் சென்றது சொவெட்டோவுக்கு.

யார் வந்தார், யார் வரவில்லை என்பதை மட்டும் கொண்டு மரியாதையை அளப்பதும் சரியன்று. இந்தியாவிலிருந்து சென்று உரையாற்றியவர் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி. பிரதமர் செல்லாததைக் குறையாகக் கருதுவோர், அரசுமுறை வரிசையில் குடியரசுத் தலைவரே முதலிடத்தில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

கூட்டத்தில் ஒபாமாவும் கியூபாவின் ரவுல் காஸ்ட்ரோவும் கைகுலுக்கியதிலிருந்தே இரு நாட்டு உறவு மீண்டும் துளிர்த்ததாக எழுதுவது, கேட்க அழகாக இருந்தாலும், காலவரிசைக்கு ஒவ்வாதது. உறவைச் சீராக்கும் அறிவிப்பு 2014 டிசம்பர் 17 அன்று வந்தது உண்மை. ஆனால் அதற்கான இரகசியப் பேச்சு, மண்டேலா உயிரோடு இருந்த 2013 ஜூனிலேயே தொடங்கிவிட்டது. இரங்கல் நிகழ்வில் நேரும் சந்திப்பு, முன்பே நடந்துகொண்டிருக்கும் ஒன்றை வெளியே காட்டுவதாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

டென்மார்க் பிரதமருடன் ஒபாமாவும் கேமரூனும் எடுத்துக்கொண்ட செல்ஃபியை வைத்து அவமதிப்பு என்று தீர்ப்பெழுதியவர்கள், அரங்கம் முழுவதும் மக்கள் பாடியும் ஆடியும் மண்டேலாவின் வாழ்வைக் கொண்டாடிக்கொண்டிருந்ததைச் சேர்த்துச் சொல்லவில்லை; துக்கம் காக்கும் முறை ஊருக்கு ஊர் வேறுபடும்.

பார்க்காததைப் பார்த்தது போல வருணிப்பதும் கூடாது. குனுவில் குடும்பத்தினரின் வேண்டுகோளை ஏற்று, சவப்பெட்டியைக் குழியில் இறக்குவதற்கு முன்பே தொலைக்காட்சி நேரலை நிறுத்தப்பட்டது. அந்தக் கடைசி நிமிடங்களை அங்கே நின்றிருந்தவர்கள் மட்டுமே கண்டார்கள்.